வீணின்றிக் கட்டுதல்

நுழையும்முன்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது தமிழர் வழக்கு. இவ்விரண்டிலும் முன்னர்ப் போட்ட கணக்கு பின்னர்ப் பொய்த்துப்போகும் என்பது அதன் உட்பொருள். கணக்கு பொய்ப்பது விதியால் அன்று. அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றுள் தலையாயது வீண். பொருளும் உழைப்பும் காலமும் கட்டுமானக் களத்தில் எவ்வாறு வீணாகின்றன, அவற்றைத் தடுக்க அறிஞரும் தொழில் வல்லுநரும் கண்ட வழிகள் யாவை என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மூட்டைக்குள் ஒரு மலை

வீடு என்பது செங்கல், மணல், சிமெண்ட், கம்பி ஆகியவற்றின் அடுக்கு மட்டுமன்று. ஒவ்வொரு பொருளுக்குப் பின்னும் இயற்கையின் ஒரு பகுதி நிற்கிறது. செங்கல்லுக்கு நிலத்தின் மேல்மண் வேண்டும். மணலுக்கு ஆற்றுப்படுகையைத் தோண்டுகிறோம். ஆற்றுமணல் அரிதானபின் பாறையை உடைத்து எம்-சாண்ட் ஆக்குகிறோம். சிமெண்ட் உருவாகச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட வேண்டும். அப்போது எரிபொருளிலிருந்து மட்டுமன்றிச் சுண்ணாம்புக்கல்லிலிருந்தும் கரியமில வாயு வெளியேறுகிறது.

ஆகவே, மழையில் நனைந்து இறுகிப்போகும் 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் இழப்பு, அதன் விலையோடு முடிந்துவிடுவதில்லை. அதற்காக உடைத்த மலையும் எரித்த எரிபொருளும் சேர்ந்தே பாழாகின்றன. மறுபுறம், அந்த மூட்டையின் விலை ஒரு குடும்பத்தின் சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோ வந்தது. வீட்டுக்குப் பயன்படாத சிமெண்ட்டுக்கும் சேர்த்தே அக்குடும்பம் பல்லாண்டுகள் வட்டி கட்டுகிறது. வீணைக் குறைத்தல் வெறும் கணக்கர் வேலையன்று. அறம் சார்ந்த செயலுமாகும்.

கண்ணுக்குத் தெரியும் வீண்

கட்டுமானக் களத்தில் சேதாரம் என்று வழங்கப்படுவது கண்ணுக்குத் தெரியும் வீணாகும். உடைந்த செங்கல், சிந்திய கலவை, வெட்டியபின் எஞ்சிய கம்பித்துண்டு, மூலை உடைந்த ஓடு ஆகியன அவ்வகையின. இவற்றுள் பெரும்பகுதி களத்தில் பிறப்பதாகத் தோன்றினாலும், பலவற்றின் வேர் வரைபடத்திலேயே இருக்கிறது.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி சீரளவுச் செங்கல் 190 மில்லிமீட்டர் நீளமும் 90 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் உயரமும் உடையது. இடையில் இடும் 10 மில்லிமீட்டர்க் கலவையையும் சேர்த்தால் அது 200, 100, 100 என நிறைவான அளவாகிறது. சுவரின் நீளத்தையும் சன்னல் இடைவெளியையும் இவ்வளவுகளுக்கு ஏற்ப வரைந்தால் செங்கற்களை உடைக்கும் தேவை பெரிதும் குறையும். அளவு பாராமல் வரைந்தால், சுவரின் ஒவ்வொரு வரியிலும் கொத்தனார் ஒரு செங்கல்லை உடைக்கத்தான் வேண்டும். பென்சில் செய்த தவற்றைக் கரணை சுமக்கிறது.

கம்பிக்கும் இது பொருந்தும். சந்தையில் கம்பி பொதுவாக 12 மீட்டர் நீளத்தில் கிடைக்கிறது. ஒரு கட்டடத்துக்கு 5 மீட்டர்த் துண்டுகள் 20, 3.5 மீட்டர்த் துண்டுகள் 40 தேவை எனக் கொள்வோம். முதல் நாள் 5 மீட்டர்த் துண்டுகளை மட்டும் வெட்டினால், ஒரு கம்பிக்கு இரண்டு துண்டுகள் கிடைக்கும். 2 மீட்டர் எஞ்சும். இதற்கு 10 கம்பிகள் வேண்டும். மறுநாள் 3.5 மீட்டர்த் துண்டுகளை வெட்டினால், ஒரு கம்பிக்கு மூன்று துண்டுகள் கிடைக்கும், 1.5 மீட்டர் எஞ்சும். இதற்கு 14 கம்பிகள் வேண்டும். ஆக, 24 கம்பிகள் செலவாகின்றன.

இரண்டு தேவைகளையும் ஒன்றாக வைத்து முன்னரே எண்ணினால், ஒரு கம்பியில் ஒரு 5 மீட்டர்த் துண்டும் இரண்டு 3.5 மீட்டர்த் துண்டுகளும் சரியாக அடங்குவதைக் காணலாம். 20 கம்பிகளே போதும். ஒரு துண்டும் எஞ்சாது. அவை 12 மில்லிமீட்டர் விட்டமுடைய கம்பிகளாயின், மிச்சமான நான்கு கம்பிகளின் எடை ஏறத்தாழ 43 கிலோ. இந்தச் சேமிப்புக்குத் தேவைப்பட்டவை ஒரு தாளும் சிறிது நேரச் சிந்தனையும்தான்.

கண்ணுக்குத் தெரியாத வீண்

சிந்திய கலவையை எவரும் காணலாம். ஆனால், ஜல்லி வரும்வரை காத்திருக்கும் பத்துப் பேரின் இரண்டு மணி நேரத்தைக் குப்பைமேட்டில் காண முடியாது. அதுவும் வீண்தான், சிந்திய கலவையினும் பெரிய வீண்.

இந்த உண்மையைத் தெளிவாக எடுத்துரைத்தவர் ஜப்பானின் டொயோட்டா நிறுவனப் பொறியாளர் தாய்ச்சி ஓனோ. மகிழுந்துத் தொழிற்சாலையில் பயன்தராத செயல்களை அவர் ஏழாக வகுத்தார். அவற்றைக் கட்டுமானக் களத்துக்குப் பொருத்திக் காண்போம்.

1. மிகை உற்பத்தி: பூசி முடிக்க இயலாத அளவுக்குக் கலவை குழைத்தல்.
2. காத்திருத்தல்: பொருளோ ஆணையோ வரும்வரை பணியாளர் கைகட்டி நிற்றல்.
3. தேவையற்ற இடமாற்றம்: ஓரிடத்தில் இறக்கிய செங்கற்களை மீண்டும் வேறிடத்துக்குச் சுமத்தல்.
4. மிகைச் செயல்: சுவர் கோணலாக அமைந்ததால் அதனை மறைக்கத் தடித்த பூச்சுப் பூசுதல்.
5. மிகை இருப்பு: பல மாதங்களுக்குத் தேவையான சிமெண்ட்டை ஒரே நேரத்தில் வாங்கி அடுக்குதல்.
6. வீண் அசைவு: கருவியைத் தேடி அலைதல், ஒவ்வொரு செங்கல்லுக்கும் குனிந்து நிமிர்தல்.
7. பிழை: கட்டியதை இடித்து மீண்டும் கட்டுதல்.

புதிதாகப் பூசிய சுவரை மின்குழாய் பதிப்பதற்காக வெட்டுவதை நாம் பல இடங்களில் பார்க்கிறோம். அச்சுவருக்குப் பொருள் ஒருமுறை செலவாயிற்று. வெட்டக் கூலி செலவாயிற்று. மீண்டும் பூசப் பொருளும் கூலியும் செலவாயின. இங்குக் கொத்தனாரின் திறமையிலோ மின்பணியாளரின் திறமையிலோ குறையில்லை. யார் முன், யார் பின் என்பதை வகுக்காமையே குறை.

ஓனோவின் சிந்தனை கட்டுமானத் துறைக்கு வரச் சில காலம் ஆயிற்று. பின்லாந்து நாட்டு ஆய்வாளர் லௌரி கொஸ்கெலா 1992இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எழுதிய ஆய்வறிக்கை அதற்கு வாயிலாக அமைந்தது. செங்கல்லைச் சுவராக மாற்றுவது ஒரு செயல். அச்செங்கல் வருதல், காத்திருத்தல், நகர்தல், சரிபார்க்கப்படுதல் ஆகியன ஓர் ஓட்டம். பொறியாளர்கள் செயலை மட்டுமே கணக்கிட்டு, ஓட்டத்தைக் கணக்கிட மறந்தனர் என்பது அவர் கருத்தின் சாரம். 1993 முதல் உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் கூடி இத்துறையை வளர்த்து வருகின்றனர். இம்முறையே இன்று ‘லீன்’ கட்டுமானம் எனப்படுகிறது. தமிழில் இதனைச் ‘செறிவுக் கட்டுமானம்’ எனலாம்.

> தெரிந்து தெளிவோம்
> தரக்கட்டுப்பாட்டு விதிகளின்படி சாதாரண போர்ட்லண்டு சிமெண்ட் நீர் கலந்த பின் குறைந்தது 30 நிமிடங்கள்வரை இறுகத் தொடங்கக் கூடாது. இறுகத் தொடங்கிய கலவையில் மீண்டும் நீர் ஊற்றிக் குழைத்தால் அதன் வலிமை குறையும். எனவே, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகக் குழைப்பதே முறை.

கொத்தனாரின் கையசைவு

உழைப்பு வீணாவதை முதன்முதலில் நுட்பமாக அளந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான பிராங்க் கில்பிரெத். 1868இல் பிறந்த அவர், தம் பதினேழாம் வயதில் செங்கல் கட்டும் தொழில் பயிலச் சேர்ந்தார். ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு விதமாகச் செங்கல் வைப்பதையும், ஒரே கொத்தனார் விரைந்து கட்டும்போது ஒரு விதமாகவும் மெல்லக் கட்டும்போது வேறு விதமாகவும் இயங்குவதையும் அவர் கவனித்தார்.

செங்கற்கள் தரைமட்டத்தில் கிடந்தால், ஒரு செங்கல்லை எடுக்கக் கொத்தனார் தம் உடலின் மேற்பகுதி முழுவதையும் தாழ்த்தி உயர்த்த வேண்டும். சிறு செங்கல்லுக்காகப் பேருடல் ஒன்று நாள்முழுதும் குனிந்து நிமிர்கிறது. இதனை உணர்ந்த கில்பிரெத், சுவர் உயர உயரத் தானும் உயர்த்திக்கொள்ளத்தக்க சாரத்தை அமைத்தார். செங்கல்லும் கலவையும் கைக்கெட்டும் உயரத்தில் இருக்குமாறு செய்தார். நல்ல முகம் வெளியே தெரியும்படி செங்கற்களை உதவியாளர் முன்னரே அடுக்கித் தந்தனர். செங்கல்லைக் கரணையால் தட்ட வேண்டாதபடி கலவையின் பதம் சீராக்கப்பட்டது. ஒரு செங்கல் வைக்கத் தேவைப்பட்ட 18 அசைவுகள் 5 ஆகக் குறைந்தன.

1911இல் பிரடெரிக் டெய்லர் தம் நூலில் பதிவு செய்தவாறு, பழைய முறையில் மணிக்கு 120 செங்கற்கள் கட்டியவர்கள் புதிய முறையில் 350 கட்டினர். இங்குப் பணியாளரைச் சாட்டையால் விரட்டி வேகம் பெறவில்லை. அவர் முதுகின் சுமையைக் குறைத்தே வேகம் பெற்றனர் என்பது நெஞ்சில் நிறுத்தத்தக்கது.

410 நாளில் 102 மாடி

நியூயார்க் நகரின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1930 மார்ச் 17 அன்று தொடங்கி 1931 மே 1 அன்று திறக்கப்பட்டது. 102 மாடிகள் எழ 410 நாள்களே ஆயின. கணினி இல்லாத அக்காலத்தில் இது எவ்வாறு இயன்றது?

நகரின் நடுவில் அமைந்த அம்மனையில் பொருள்களைக் குவித்து வைக்க இடமில்லை. அந்த நெருக்கடியே நல்லாசிரியனாயிற்று. எஃகுச் சட்டங்கள் தொழிற்சாலையிலேயே அளவாக வெட்டப்பட்டு, அவை நிற்க வேண்டிய இடத்தின் எண் குறிக்கப்பட்டு வந்தன. வந்தவை உடனுக்குடன் மேலேற்றப்பட்டன. கட்டடத்துக்குத் தேவைப்பட்ட ஏறத்தாழ ஒரு கோடிச் செங்கற்களைத் தெருவில் கொட்டித் தள்ளுவண்டியில் சுமக்கவில்லை. லாரியிலிருந்து சரிவுக்குழாய் வழியே அடித்தளத் தொட்டியில் கொட்டினர். அங்கிருந்து சிறு இருப்புப்பாதை வண்டிகளில் நிரப்பி, வேண்டிய மாடிக்கு நேரே ஏற்றினர். மாடிகளிலும் தண்டவாளம் இடப்பட்டிருந்ததால் வண்டி கொத்தனாரின் அருகிலேயே சென்று நின்றது. உணவுக்காகப் பணியாளர் கீழிறங்கி ஏறும் நேரம் வீணாகாதிருக்கக் கட்டடத்தின் சில மாடிகளிலேயே உணவுக்கூடங்கள் அமைக்கப்பட்டன.

காலத்தை இவ்வளவு நுட்பமாகப் போற்றிய அக்கட்டடத்துக்கும் மறுபக்கம் உண்டு. அவ்விடத்தில் முன்னர் இருந்த பெருவிடுதியை இடித்துக் கிடைத்த இடிபாடுகள் படகுகளில் ஏற்றிக் கடலில் கொட்டப்பட்டன. காலத்தின் வீணை அறிந்த அக்காலத்தார், பொருளின் வீணை முழுமையாக அறிந்திருக்கவில்லை.

சொன்ன சொல்லும் செய்த செயலும்

பெரிய பணிகளில் கால அட்டவணைக்குக் குறைவில்லை. அட்டவணைப்படி நடப்பதே அரிது. அமெரிக்க அறிஞர் கிளென் பாலார்டு 1990களில் இதனை ஆராய்ந்தார். ஒரு வாரத்தில் முடிப்பதாகத் திட்டமிட்ட வேலைகளுள் ஏறத்தாழப் பாதியே அவ்வாரத்தில் முடிவதை அவர் கண்டார். காரணம் சோம்பலன்று. வேலை தொடங்கும் நாளில் பொருள் வந்திருக்காது. முந்தைய வேலை முடிந்திருக்காது. வரைபடம் தெளிவாக இருக்காது.

அவர் வகுத்த முறை எளியது. வேலையை நேரில் செய்விக்கும் மேஸ்திரிகளே வாரந்தோறும் கூடித் தம்மால் இயன்ற பணிகளை மட்டும் ஏற்க வேண்டும். பொருள், ஆள், கருவி, இடம், முந்தைய வேலை ஆகிய அனைத்தும் ஆயத்தமாக உள்ள பணியையே ஏற்க வேண்டும். வார முடிவில், ஏற்றவற்றுள் எத்தனை முடிந்தன என எண்ண வேண்டும். முடியாதவற்றுக்கு ஆளைக் குற்றம் சாட்டாமல் காரணத்தைத் தேட வேண்டும். மேலிருந்து வரும் கட்டளையைவிடக் களத்திலிருந்து எழும் வாக்குறுதி வலியது என்பதே இம்முறையின் அடிப்படை.

குறைவில் நிறைவு கண்ட கட்டடக்கலைஞர்

பொருளை வீணாக்காமல் கட்டுவதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த அவர், 1945இல் இந்தியா வந்தார். 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். 1990இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்கள் அவருடைய கொள்கைக்குச் சான்றாக நிற்கின்றன.

செங்கல்லைப் படுக்கையாக அடுக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, சுவரின் உள்ளே வெற்றிடம் அமையுமாறு கட்டும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையை அவர் பரவச் செய்தார். இதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குச் செங்கல் மிச்சமாகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாததால் வீடும் குளிர்ச்சியாக இருக்கிறது.

கற்காரைத் தளத்தின் மேற்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குக் கம்பிகளுக்கு இடையிலுள்ள கற்காரைக்குப் பெரிதாக வேலையில்லை. அவ்விடத்தில் மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்புவது அவர் கையாண்ட மற்றொரு முறை. வேலை செய்யாத கற்காரை எதற்கு என்னும் ஒரு கேள்வியே சிமெண்ட்டை மிச்சப்படுத்தியது. அறிவு எங்குச் செலவாகிறதோ அங்குப் பொருள் மிச்சமாகிறது.

இடிபாடும் செல்வமே

பழைய கட்டடங்களை இடிக்கும்போது கிடைக்கும் செங்கல், கற்காரைத் துண்டுகள் ஆகியவற்றை ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் கொட்டினால் நீர்வழி அடைபடும். பெய்யும் மழை ஊருக்குள் புகும். இதனைத் தடுக்கவே இந்திய அரசு 2016இல் கட்டுமான இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு பணிக்கு ஒரு மாதத்தில் 300 டன்னுக்கு மேலோ கழிவு உண்டாக்குவோர் அதனைக் கற்காரை, மண், எஃகு மரம் நெகிழி, செங்கல் கலவை என நான்காகப் பிரிக்க வேண்டும் என அவ்விதிகள் கூறின.

பிரித்தால்தான் மறுபயன் கிட்டும். உடைத்துச் சலித்த பழைய கற்காரையை ஜல்லியாகப் பயன்படுத்த 2016ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி இடமளிக்கிறது. கம்பியில்லாக் கற்காரையில் 25 விழுக்காடு வரையும், குறிப்பிட்ட வலிமைக்கு உட்பட்ட கம்பியிட்ட கற்காரையில் 20 விழுக்காடு வரையும் அதனைச் சேர்க்கலாம். எல்லாம் கலந்து கிடக்கும் குவியல் குப்பை. பிரித்து வைத்த குவியல் மூலப்பொருள்.

சிக்கனமும் கருமித்தனமும்

வீணைத் தவிர்ப்பதாக எண்ணித் தேவையைத் தவிர்த்துவிடக் கூடாது. கலவையில் சிமெண்ட்டைக் குறைப்பதும், கம்பியின் எண்ணிக்கையைக் குறைப்பதும், பணியாளருக்குத் தலைக்கவசமும் பாதுகாப்புக் கச்சையும் வாங்காதிருப்பதும் சிக்கனமல்ல. கற்காரைக்குக் குறைந்தது ஏழு நாள்கள் நீராற்ற வேண்டும் என்பது சாதாரண சிமெண்ட்டுக்கான விதி. நான்கு நாள்களோடு நிறுத்தினால் நீர் மிச்சமாவதுபோல் தோன்றும். ஆனால், பின்னாளில் வெடிப்பும் கசிவுமாக அந்த மூன்று நாள்களுக்கு மிகுதியான விலை கொடுக்க நேரும்.

எது சிக்கனம், எது கருமித்தனம் என அறிய ஓர் உரைகல் உண்டு. நீக்கியபின்னும் கட்டடத்தின் வலிமையும் வாழ்வோரின் நலமும் உழைப்போரின் பாதுகாப்பும் குறையாதிருந்தால், நீக்கப்பட்டது வீண். அவற்றுள் ஒன்றேனும் குறைந்தால், நீக்கப்பட்டது தேவை.

நாளை உங்களுள் சிலர் பொறியாளர் ஆகலாம்; சிலர் கட்டடம் கட்டுவிப்போர் ஆகலாம்; அனைவரும் ஏதேனும் ஒரு கூரையின்கீழ் வாழப்போகிறீர்கள். வரைபடத்தில் ஒரு கோடு இழுக்கும்போதும், ஒரு மூட்டை வாங்கும்போதும், ஒருவரைப் பணிக்கு அழைக்கும்போதும் ‘இது யாருக்கு, எப்போது, எவ்வளவு தேவை?’ என வினவுங்கள். அந்த மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின் வைக்கும் செங்கல் வீணாவதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் கட்டுமானப் பணியைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து உற்றுநோக்கி, அங்குக் காணும் வீண்களை எழுவகையாகப் பிரித்துப் பட்டியலிடுக.
2. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர் ஆகியோருள் ஒருவரைச் சந்தித்து, அவர்தம் வேலைநேரம் எக்காரணங்களால் வீணாகிறது எனக் கேட்டறிந்து ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

கட்டுமானத்தில் ‘ஓட்டம்’ என்னும் கருத்தை வலியுறுத்தியவர்
அ) தாய்ச்சி ஓனோ  ஆ) லௌரி கொஸ்கெலா  இ) லாரி பேக்கர்  ஈ) பிராங்க் கில்பிரெத்

குறுவினா

1. எலிப்பொறிக் கட்டு முறையின் இரு பயன்களைக் குறிப்பிடுக.
2. ‘பென்சில் செய்த தவற்றைக் கரணை சுமக்கிறது’ – இத்தொடரின் பொருள் யாது?

சிறுவினா

1. 4.5 மீட்டர்த் துண்டுகள் 30, 3 மீட்டர்த் துண்டுகள் 15 தேவை. 12 மீட்டர்க் கம்பிகளைத் தனித்தனியே திட்டமிட்டு வெட்டுவதற்கும் சேர்த்துத் திட்டமிட்டு வெட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு விளக்குக.
2. சிக்கனத்தையும் கருமித்தனத்தையும் வேறுபடுத்தும் உரைகல்லைச் சான்றுடன் எழுதுக.

நெடுவினா

‘கண்ணுக்குத் தெரியும் வீணைவிடக் கண்ணுக்குத் தெரியாத வீணே பெரிது’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.